சிலைகளுக்காக வாதாடிய டாக்டர் ஆனந்த குமாரசாமி

காஞ்சிபுரத்துப் பட்டுக் கடையில் கல்யாணப் புடவை எடுக்க ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தால் பார்க்க வேடிக்கையாக இருக்கும். மணப்பெண்ணின் கண் மயில்கழுத்து நிறத்தின் மேல் இருக்கும். அரக்கு நிறம் இல்லாமல் கல்யாணமா என்று பாட்டி முகத்தைச் சுளிப்பாள். அத்தைக்கு ஜரிகையின் அகலம் போதாது. சித்திக்கோ அதே ஜரிகை கண்ணைக் குத்தும். கடைக்காரர் எல்லோருக்கும் தலையாட்டுவார். புடவை விஷயத்தில் அவரவர் கண் அவரவருக்கு நியாயம்தானே!

ஆனால் அதே புடவையை ஒரு தறிக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள். நிறத்தைப் பற்றி அவர் வாயே திறக்க மாட்டார். கரையும் உடலும் சேரும் கோர்வையை விரலால் தடவிப் பார்ப்பார். முந்தானை இணையும் இடத்தைத் திருப்பிப் பார்ப்பார். அவர் பார்ப்பது தமக்குப் பிடித்திருக்கிறதா என்பதையல்ல. நெய்தவர் சரியாக நெய்திருக்கிறாரா என்பதைத்தான்.

ஊரின் மேற்கே கைலாசநாதர் கோயில் இருக்கிறது. சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய மணற்கல் கோயில். அங்கே சிவபெருமான் பல கரங்களை விரித்து ஆடுகிறார். ஒரு காலைத் தலைக்கு மேல் தூக்கியும் ஆடுகிறார். உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் அந்தச் சிற்பத்தின் முன் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்வார். வெளியூர் மாணவர் அரை மணி நேரம் நின்று படம் வரைவார். இன்றைக்கு உலகம் முழுவதும் அதை உயர்ந்த கலை என்கிறது. ஆனால் நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு, படித்த மேனாட்டார் பலருக்கு இத்தகைய உருவங்கள் பூதங்களாகவும் பிசாசுகளாகவுமே தோன்றின. மனிதனுக்கு இரண்டு கைதானே, நாலும் எட்டும் வைத்தவனுக்குக் கலை தெரியுமா என்று கேட்டார்கள். அவர்கள் எழுதிய புத்தகங்களைப் படித்த நம்மவர்களும் அதைக் கேட்டுத் தலை குனிந்தார்கள்.

அந்தப் பல கரங்களுக்கு வக்கீலாக உலகத்தின் முன் நின்றவர் ஒரு தமிழரின் மகன். காஞ்சித் தறிக்காரர் புடவையைப் பார்ப்பதுபோலச் சிலையைப் பார்க்க வேண்டும் என்று கடைசிவரை வாதாடியவர் அவர்.

கொழும்பில் பிறந்தார், சீமையில் வளர்ந்தார்

ஆனந்த கென்டிஷ் குமாரசாமி 1877 ஆகஸ்டு 22ஆம் தேதி கொழும்பில் பிறந்தார். தந்தை சர் முத்துக் குமாரசாமி அக்காலத்து இலங்கைத் தமிழர்களில் பெரும் புகழ் பெற்றவர். சட்டசபை அங்கத்தினர். கிறிஸ்தவரோ யூதரோ அல்லாதவர்களில் இங்கிலாந்தில் முதன்முதலாகப் பாரிஸ்டர் ஆனவர். நம் அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1863இல் லண்டனில் வெளியிட்டவர். சர் பொன்னம்பலம் இராமநாதனும் சர் பொன்னம்பலம் அருணாசலமும் அவருடைய சகோதரியின் புதல்வர்கள். தாயார் எலிசபெத் கிளே பீபி, இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்த மாது. மகனுடைய பெயரின் நடுவே கென்டிஷ் என்று வந்தது அதனால்தான்.

குழந்தையை அழைத்துக்கொண்டு தாயார் சீமைக்குப் போனார். பின்னாலேயே புறப்படுவதாக இருந்த தந்தை, 1879இல், கப்பல் ஏறவேண்டிய நாளில் கொழும்பிலேயே காலமானார். குழந்தைக்கு அப்போது இரண்டு வயதுகூட நிறையவில்லை. தந்தையின் முகமும் தந்தையின் நாடும் பிள்ளைக்குக் கேள்விப்பட்ட விஷயங்களாகவே நின்றுவிட்டன.

பிள்ளை இங்கிலாந்தில் படித்து, லண்டன் பல்கலைக்கழகத்தில் மண்ணியலிலும் தாவர நூலிலும் தேர்ச்சி பெற்றார். கலைக்கும் அவருக்கும் அப்போது சம்பந்தமே இல்லை. கல்லோடு சம்பந்தம் இருந்தது, ஆனால் அது வேறு வகையான கல். 1903இல் இலங்கையின் கனிமப் பொருள் ஆராய்ச்சித் துறைக்குத் தலைவராக வந்து, மலையும் காடும் திரிந்து, தோரியனைட் என்ற புதிய கனிமத்தை இனங்கண்டார். டாக்டர் பட்டமும் விஞ்ஞானத்தில் வாங்கியதுதான்.

கல்லைத் தேடி ஊர் ஊராகப் போனவருக்கு வேறொன்று கண்ணில் பட்டது. கண்டிப் பகுதிக் கிராமங்களில் பரம்பரைத் தச்சர்கள், பொற்கொல்லர்கள், நெசவாளிகள், சுவர்ச் சித்திரக்காரர்கள் வேலையில்லாமல் இருந்தார்கள். வசதி படைத்தவர்கள் சீமைச் சாமான்களை வாங்கி வீட்டை நிரப்பினார்கள். தாத்தா செய்த பித்தளை விளக்கு கொல்லைப்புறத்தில் கிடந்தது. கூடத்தில் சீமைக் கண்ணாடி விளக்கு தொங்கியது. இளம் விஞ்ஞானி உத்தியோகத்தை விட்டார். மனைவி எதெல் புகைப்படம் எடுத்தார். கணவர் குறிப்பு எழுதினார். இருவரும் சேகரித்தது ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்ற பெரிய நூலாக 1908இல் வந்தது. அதை அச்சிட்டது, புகழ்பெற்ற வில்லியம் மோரிஸ் தம் நூல்களை அச்சிட்ட அதே கை அச்சு இயந்திரத்தில். மொத்தம் 425 பிரதிகள்.

இந்த எதெல் அம்மையாரைப் பற்றி நெசவு ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் விடக் கூடாது. பின்னாளில் இருவரும் பிரிந்துவிட்டார்கள். மறுமணம் செய்துகொண்டு எதெல் மேரே என்ற பெயரில் அவர் இங்கிலாந்தின் தலைசிறந்த கைத்தறி நெசவாளியாகப் பெயரெடுத்தார். 1916இல் அவர் எழுதிய இயற்கைச் சாய நூல் நெசவாளிகளிடையே பிரசித்தமானது. கண்டிக் கிராமத்துத் தறிகளின் முன் உட்கார்ந்து பார்த்த கண்கள் அவை!

வேகவைத்த பண்டமும் புத்தர் பெருமானும்

1910 ஜனவரியில் லண்டனில் ராயல் கலைச் சங்கத்தில் ஒரு கூட்டம். பேசியவர் ஈ. பி. ஹாவெல், முன்பு சென்னைக் கலைப் பள்ளியிலும் பிறகு கல்கத்தாவிலும் தலைவராக இருந்து, இந்தியக் கலையின் பெருமையை எடுத்துச் சொல்லிவந்த ஆங்கிலேயர். தலைமை வகித்தவர் சர் ஜார்ஜ் பேர்ட்வுட். இந்தியக் கைத்தொழில்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். நம் துணிகளையும் பாத்திரங்களையும் வாயாரப் புகழ்ந்தவர். ஆனால் சிற்பம் என்றால் மட்டும் அவருக்கு ஒப்பவில்லை. இந்தியாவில் உயர்ந்த கலை என்று ஒன்று இருந்ததே இல்லை என்பது அவர் கட்சி. ஜாவாவிலிருந்து வந்த தியான புத்தர் உருவம் ஒன்றின் படத்தைச் சுட்டி, மாவும் கொழுப்பும் சேர்த்து வேகவைத்த ஒரு தின்பண்டம்கூட இந்த அளவுக்கு ஆன்ம அமைதியைக் காட்டிவிடும் என்று பரிகாசம் செய்தார்.

கைத்தொழிலைப் புகழ்ந்தவரே சிற்பத்தை இகழ்ந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் இந்தியாவை வெறுத்தவர் அல்லர். கிரேக்கச் சிலைகளைப் பார்த்துப் பழகிய கண் அவருக்கு. தசை புடைத்து, நரம்பு தெரிந்தால்தான் அது உடம்பு. மூச்சை அடக்கி அமர்ந்த திருமேனியில் தசை எங்கே தெரியும்?

பேச்சு பத்திரிகைகளில் அடிபட்டது. பிரபல ஓவியர் வில்லியம் ரோதன்ஸ்டைன் உள்ளிட்ட 13 பேர் கையெழுத்திட்டு, பேர்ட்வுட்டை மறுத்து லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்கு எழுதினார்கள். அதே ஆண்டு இந்தியக் கலைக்கென்றே இந்தியா சொசைட்டி என்ற சங்கம் தோன்றியது. அதைத் தோற்றுவித்தவர்களில் குமாரசாமியும் ஒருவர். ரவீந்திரநாத் தாகூரின் ஆங்கில கீதாஞ்சலியை 1912இல் முதலில் வெளியிட்டது இந்தச் சங்கந்தான். கொழுப்புப் பண்டத்துக்கு இப்படி ஒரு நல்ல பலன்!

குமாரசாமியின் பதில் கட்டுரைகளாக வந்தது. பல கரங்களைக் குறைகூறியவர்களின் பெயரைச் சொல்லியே மறுத்தார். எகிப்தியரின் தெய்வங்களுக்கு மிருகத் தலை இருக்கிறது. தேவதைகளுக்குச் சிறகு முளைத்திருக்கிறது. அவற்றை ஏற்கிற கண் நாலு கையைக் கண்டு ஏன் மிரள வேண்டும்? கையை எண்ணிப் பார்த்துக் கலையை அளக்க முடியாது. எந்தக் கருத்தைச் சொல்ல அந்தக் கைகள் வந்தனவோ, அந்தக் கருத்தை அவை தாங்குகின்றனவா என்பதே பார்க்க வேண்டியது. இதுதான் அவர் வாதத்தின் சாரம். நடராஜர் திருவுருவத்துக்கு அவர் எழுதிய விளக்கம் 1912இல் முதலில் வெளிவந்தது சென்னையிலிருந்து வந்த ‘சித்தாந்த தீபிகை’யில்தான். உடுக்கை படைப்பு, அபய கரம் காப்பு, தீ அழிப்பு, தூக்கிய திருவடி அருள் என்று சைவர்கள் வழிவழியாகச் சொல்லிவந்ததையே எடுத்து, ஒவ்வொரு கையும் அங்கே இருப்பதற்குக் காரணம் உண்டு என்று காட்டினார். அது 1918இல் ‘சிவ நடனம்’ என்ற ஆங்கில நூலின் தலைப்புக் கட்டுரையாக உலகெங்கும் பரவியது.

பாரிஸ் சிற்பியும் திருவாலங்காட்டுக் கூத்தனும்

காஞ்சிக்கு வடக்கே, அரக்கோணத்தை அடுத்த திருவாலங்காடு காரைக்கால் அம்மையார் கூத்தனின் திருவடிக் கீழ் இருந்த தலம். அந்த ஊர்ச் செப்புத் திருமேனி ஒன்று சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. அதன் புகைப்படங்கள் பாரிஸில் ஒரு கிழச் சிற்பியின் கைக்குப் போயின. அவர்தான் ஒகுஸ்த் ரோடின். அன்றைய ஐரோப்பாவின் முதல் சிற்பி. அவர் இந்தியாவுக்கு வந்ததே கிடையாது. படங்களைப் பார்த்தே மெய்மறந்து, 1913இல், அந்த ஆடலின் கைகளையும் கால்களையும் முகத்தையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார். அவர் இறந்தபின் 1921இல் அது நூலானபோது, கூடவே குமாரசாமியின் கட்டுரையும் ஹாவெலின் கட்டுரையும் இடம் பெற்றன.

ரோடினுக்கு அந்தக் கண் எங்கிருந்து வந்தது? ஊராரின் ஏளனத்தை அவரே அனுபவித்தவர். பிரெஞ்சு எழுத்தாளர் பால்சாக்குக்குச் சிலை செய்யும்படி 1891இல் அங்குள்ள எழுத்தாளர் சங்கம் அவரிடம் கேட்டுக்கொண்டது. ஏழு ஆண்டு உழைத்து, நீண்ட அங்கியைப் போர்த்தி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து நிற்கும் ஓர் உருவத்தை 1898இல் காட்டினார். பாரிஸ் நகரமே சிரித்தது. மூட்டை என்றார்கள், பனிப்பொம்மை என்றார்கள். சங்கம் சிலையை ஏற்க மறுத்தது. ரோடின் அதைத் தம் வீட்டுக்கே எடுத்துச் சென்றார். 1917இல் அவர் இறந்தார். சிலை வெண்கலத்தில் வார்க்கப்பட்டுப் பாரிஸ் வீதிக்கு வந்தது 1939இல். இன்று நவீன சிற்பத்தின் தொடக்கம் அதுதான் என்பாரும் உண்டு. முன்பு சிரித்த ஊர் இப்போது அதைத் தன் பெருமைகளில் ஒன்றாகக் காட்டுகிறது.

லண்டனிலும் இதே கதைதான். 1908இல் ஜேக்கப் எப்ஸ்டைன் என்ற இளைஞர் ஒரு கட்டிடத்தின் முகப்பில் செதுக்கிய உருவங்களைப் பார்த்துப் பத்திரிகைகள் கூச்சல் போட்டன. எரிக் கில் என்ற இன்னொரு புதுமைச் சிற்பிக்கும் ஏச்சுக் கிடைக்காமல் இல்லை. இந்த கில்தான், குமாரசாமி 1914இல் வெளியிட்ட ‘விசுவகர்மா’ என்ற இந்தியக் கலைப் படத் தொகுப்புக்கு முன்னுரை எழுதினார். பழைய இந்தியச் சிற்பத்துக்கு அன்று சீமையில் கிடைத்த நண்பர்களில் பலர், தங்கள் புதுச் சிற்பத்துக்காக வசவு வாங்கியவர்கள். உள்ளதை உள்ளபடியே செதுக்குவதுதான் கலை என்ற கட்சி இருவருக்குமே எதிரியாக இருந்தது.

பிடிக்காத படங்கள்

குமாரசாமி எல்லாவற்றையும் ரசித்த மனிதர் என்று எண்ணிவிடக் கூடாது. ரவிவர்மாவின் ஓவியங்கள் அவருக்குப் பிடிக்கவே இல்லை. நாடக மேடையில் வேஷம் கட்டி நிற்பவர்களைப் போலத் தெய்வங்கள் நிற்கின்றன, மேனாட்டுப் பாணியின் நகல் என்று கடுமையாக எழுதினார். ஆனால் அந்தப் படங்களின் அச்சுப் பிரதிகள் நாடெங்கும் பூஜை அறைகளில் ஏறின. தாமரை மேல் நிற்கும் லட்சுமியையும், வீணை ஏந்திய சரஸ்வதியையும் கண்ணாடி போட்டு மாட்டி, பொட்டு வைத்து, ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டார்கள் ஜனங்கள். அவர்களுக்குப் பண்டிதருடைய கண்டனம் எட்டவும் இல்லை, எட்டியிருந்தாலும் படத்தைக் கழற்றியிருக்க மாட்டார்கள்.

இங்கே பண்டிதர் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார் என்றே சொல்ல வேண்டும். ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்குப் பயன்படுகிறதா என்பதே கேள்வியானால், தினமும் விளக்கேற்றிக் கும்பிடப்பட்ட அந்தப் படங்களுக்கும் ஒரு நியாயம் உண்டல்லவா? பேர்ட்வுட்டின் கண்ணுக்குப் புத்தர் தெரியாதது போல, குமாரசாமியின் கண்ணுக்கும் தெரியாதவை சில இருந்தன.

சுதேசி இயக்கத்தாரையும் அவர் விடவில்லை. சீமைத் துணியைக் கொளுத்திவிட்டு, சீமைத் துணியின் மட்டமான நகலை உள்ளூர் ஆலையில் நெய்வது என்ன சுதேசியம் என்று கேட்டார். அது கைத்தறிக்காரர் காதில் தேனாக விழுந்திருக்க வேண்டிய பேச்சு.

பாஸ்டனில் முப்பது ஆண்டுகள்

வட இந்தியா முழுவதும் சுற்றி அவர் அரிய ஓவியங்களையும் உருவங்களையும் சேர்த்திருந்தார். காசியில் ஒரு தேசிய அருங்காட்சியகம் அமைய வேண்டும், தம் சேகரிப்பை அதற்குக் கொடுக்க வேண்டும் என்று விரும்பினார். ஆதரவு கிடைக்கவில்லை. இதற்கிடையில் முதல் உலக யுத்தம் வந்தது. அதில் இந்தியர்கள் பிரிட்டனுக்காகப் போரிட வேண்டியதில்லை என்ற கருத்துடைய அவர் இங்கிலாந்தில் இருப்பது கடினமாயிற்று. 1917இல் அமெரிக்காவில் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அவருடைய சேகரிப்பைப் பெற்று, அவரையே இந்தியப் பகுதிக்குக் காப்பாளராக நியமித்தது. சாகும்வரை, 30 ஆண்டுகள், அங்கேயே பணி. 1927இல் இந்திய, இந்தோனேசியக் கலை வரலாற்றை எழுதினார். ஆல்ஃபிரட் ஸ்டீக்ளிட்ஸ் எடுத்த புகைப்படங்களைக் கலைப் பொருளாக ஏற்கும்படி 1924இல் அருங்காட்சியகத்தாரை இணங்கவைத்தவரும் அவர்தான். புகைப்படம் கலையா என்று பலர் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது!

அதே பத்தாண்டில் காஞ்சி வட்டாரத்தில் ஒரு சம்பவம் நடந்தது. புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் ழூவோ துப்ரேய், பல்லவர் வரலாற்றுக்குப் பெரும் தொண்டு செய்தவர். கைலாசநாதர் கோயிலின் பழைய வர்ண ஓவியங்களை 1931இல் கண்டறிந்தவரும் அவரே. 1926ஆம் ஆண்டு வாக்கில் அவர் கண்ணில் சில கற்சிலைகள் பட்டன. ஏறக்குறைய பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த யோகினிகள். ஆள் உயரத் தேவியர். விரிந்த சடை, கடைவாயில் கோரைப்பல், கையில் கபாலம், ஆனால் முகத்திலோ ஓர் ஆழ்ந்த அமைதி. அவை இருந்த கோயில் எப்போதோ அழிந்துவிட்டது. பூஜை இல்லை, பெயர் சொல்வாரும் இல்லை. அவற்றில் பல பாரிஸில் இருந்த சி. டி. லூ என்ற வியாபாரியிடம் போய், அங்கிருந்து விலைக்குப் பிரிந்தன. இன்று ஒரு சகோதரி பாரிஸில், ஒருத்தி லண்டனில், ஒருத்தி வாஷிங்டனில், ஒருத்தி டொரான்டோவில். உள்ளூரில் சீந்துவாரற்றுக் கிடந்த அந்த முகங்களுக்கு அங்கே கண்ணாடி அறையும் தனி விளக்கும் போட்டிருக்கிறார்கள்.

இதை லாபமென்பதா, நஷ்டமென்பதா? குமாரசாமியின் வாழ்க்கையிலேயே இந்தச் சிக்கல் இருந்தது. கிராமத்துப் பொருள் கிராமத்தில் புழங்க வேண்டும் என்று எழுதியவர், கடல் கடந்த ஒரு மாளிகையில் அவற்றை அடுக்கிவைக்கும் வேலையில் இருந்தார். அது அவரை உறுத்தியிருக்க வேண்டும். கடைசிப் பதினைந்து ஆண்டுகளில் அவர் எழுதியவற்றைப் படித்தால் அப்படித்தான் தோன்றுகிறது. முன்பு இகழ்ந்தவர்களோடு சண்டை போட்டவர், இப்போது புகழ்கிறவர்களோடு சண்டை போட்டார். ஆகா, என்ன வளைவு, என்ன நெளிவு என்று அருங்காட்சியகத்தில் உருகுகிறவரும், பிசாசு என்று முகம் திருப்பியவரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். இருவரும் தங்கள் சொந்த உணர்ச்சியைத்தான் சொல்கிறார்கள், சிலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பது அவர் வாதம். கலைப் பொருளைக் காட்சிக்கு வைப்பது எதற்காக என்ற கேள்வியையே தலைப்பாக்கி 1943இல் ஒரு நூல் வெளியிட்டார். சம்பளம் தந்த ஸ்தாபனத்தின் அடிப்படையையே கேள்வி கேட்கும் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்! நவீன ஓவியர்கள் தங்கள் மனப்போக்கை மட்டும் வரைகிறார்கள் என்பதும் அவர் குறை. ஆகவே, ஒரு காலத்தில் தோள் கொடுத்த புதுமைக்காரர்களில் பலருக்கும் அவர் அந்நியரானார்.

1947 ஆகஸ்டு 15இல் இந்தியா விடுதலை பெற்றது. ஒரு வாரம் கழித்து அவருக்கு 70 வயது நிறைந்தது. நண்பர்கள் நடத்திய விருந்தில், அமெரிக்காவை விட்டு இந்தியாவுக்குத் திரும்பி எஞ்சிய நாட்களைத் தனிமையில் கழிக்கப் போவதாக அறிவித்தார். ஆனால் அந்த ஆண்டு செப்டம்பர் 9ஆம் தேதி, பாஸ்டனை அடுத்த நீதம் ஊரில் தம் வீட்டிலேயே காலமானார். தந்தைக்கு நேர்ந்தது போலவே மகனுக்கும் புறப்பட்ட பயணம் நடக்கவில்லை.

ரோடின் புகைப்படத்தில் கண்டது, துணியும் பூவும் இல்லாத வெறும் செப்புத் திருமேனி. சென்னை அருங்காட்சியகத்திலும் பாஸ்டனிலும் நடராஜர்கள் அப்படித்தான் நிற்கிறார்கள். வளைவும் நெளிவும் முழுவதும் தெரியும். காஞ்சிபுரத்தில் வைகாசித் திருவிழாவில் வரதராஜப் பெருமாள் கருடன் மேல் எழுந்தருளும்போது, பட்டும் மாலையும் ஆபரணமும் போக முகமும் கையுமே கண்ணில் படும். ஸ்தபதி இடுப்பை எப்படி வார்த்தார், தோளை எப்படித் திருத்தினார் என்பதைத் திருமஞ்சன வேளையில்தான் காணலாம். விடியற்காலையில் கோபுர வாசலில் திரண்டு நிற்கும் கூட்டத்தில் அதைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. வீதியோரம் நிற்கும் நெசவாளி மட்டும், சுவாமி அருகில் வரும்போது, சாத்தியிருக்கும் பட்டின் கரையை ஒரு தடவை உற்றுப் பார்ப்பார்.